ஆள் மாத்து ரவுண்டு

சங்கரன்கோவில்
16.06.2025

ஏலே பெத்து,

நலமா என்று கேட்டால் இந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். நமக்கு பீட் போடுகிற பாவத்துக்கு ஷேக் ஃபரீத் போனையும் வாங்கிப் பேசினேன், என் குரலைக் கேட்டதும் கட் செய்தாய். கடைசியில் உன் ஊர் பனவடலிசத்திரத்துக்கே பஸ் ஏறிப் போய் உன் அம்மா முன்னால் நின்றேன். "பல்லடத்துல தறிக்குப் போயிட்டான் மக்கா, எதுக்குப் போனாம்னு எனக்கே சொல்லல" என்றார்கள். விலாசம் கொடுத்தது அவர்கள்தான், அவர்கள் மேல் பாயாதே. பள்ளிக்கூடத்து லீவ் லெட்டருக்குப் பிறகு நான் கைப்பட எழுதும் முதல் கடிதம் இது. எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். திருநெல்வேலி ராப் போட்டியில் நாம் ஜெயித்தோம், ஞாபகம் இருக்கிறதா? வந்த டீம்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு நம்ம 'பாவும் ஊடையும்' ஃபைனலுக்குப் போயிருக்கிறது. நெட்டு நூல் நான், குறுக்கே ஓடுகிற நூல் நீ என்று அந்தப் பெயரை வைத்தவனே நீதான். ஒரே தறி செட்டில் தறி ஓட்டுகிறவனும் நூல் சுற்றுகிறவளும் ஃபைனலுக்குப் போனால் வேறு எவனாக இருந்தாலும் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்திருப்பான். நீ மேடையை விட்டு இறங்கி நேராகக் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிட்டாய். ஃபைனல் நம்ம ஊரிலேயே நடக்கிறது. ஆடித்தபசு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்ட் பத்து. பெயர் கொடுத்த இரண்டு பேரும் வந்து நிற்க வேண்டும், ஆளை மாற்றக் கூடாது. ரூல்ஸ் உனக்கே தெரியும்.

நீ எதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஆள் மாத்து ரவுண்டுதானே? சீட்டு குலுக்கி ஒரு ஆளை எடுத்து எதிர் டீம் பக்கம் நிறுத்துகிறார்கள். அந்த ஆள் தன் சொந்தக் கூட்டாளியையே ஒரு நிமிஷம் ராப்பில் கிழிக்க வேண்டும், பிறகு கூட்டாளி திருப்பிக் கிழிக்க வேண்டும். எந்தப் பக்கம் நின்றாலும் மார்க் சொந்த டீமுக்குத்தான். சீட்டில் என் பெயர் வந்தது. நீ திக்குவதைப் போல நான் திக்கிக் காட்டினேன். ஜனம் எழுந்து நின்று கத்தியது. நமக்கு மார்க்கை அள்ளிக் கொடுத்ததே அந்த ரவுண்டுதான்.

அது விளையாட்டு. கபடியில் காலை வாரியவனோடு மறுநாள் டீ குடிப்பதில்லையா? எவனோ தூத்துக்குடிக்காரன் உன்னைக் கிழிப்பதற்கு நான் கிழித்தது மேல் இல்லையா? கோபம் ஆறியதும் போன் செய். ஆறாவிட்டாலும் செய், திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

கோகிலா


பல்லடம்
29.06.2025

கோகிலா,

உன் கடிதம் வந்தது. போனில் ஏன் பேசவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் நான் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் அதை நீ முடித்துவிடுவாய். அதற்குப் பதிலும் கையில் வைத்திருப்பாய். சண்டையில் எப்போதும் நீதான் ஜெயிப்பாய். தாளில் நீ குறுக்கே வர முடியாது. நான் சொல்லி முடிக்கும் வரை வாசிக்கத்தான் வேண்டும். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கபடி என்று எழுதியிருந்தாய். கபடியில் காலைப் பிடிப்பார்கள், சரி. எந்தக் கால் முன்பே உடைந்தது என்று கூட இருந்து பார்த்துவிட்டு அந்தக் காலைப் பிடிக்க மாட்டார்கள்.

என் நிமிஷத்தில் நான் என்ன பாடினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. நீ ஜனத்தைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு இருந்தாய். நான் எழுதுகிறேன்.

"வாரு அறுந்த செருப்ப இவ வாரம் ரெண்டு தைப்பா,
வாயத் தைக்கச் சொல்லிப் பாரு, வண்ட வசவா அள்ளி வைப்பா."

உன் செருப்பைப் பற்றிப் பாடினேன் கோகிலா. எனக்கு வேறு விஷயம் தெரியாதா? நீ காலேஜை ஏன் பாதியில் விட்டாய் என்று எனக்குத் தெரியும், உன் வீட்டுக்கே தெரியாது. அது என் வாய் வரைக்கும் வந்தது. எதுகை மோனையோடு வந்தது. அதை விழுங்கிவிட்டுச் செருப்புக்குப் போனேன். அதனால் என் நிமிஷத்துக்கு மார்க் குறைந்தது, அதுவும் எனக்குத் தெரியும்.

எனக்குப் பகரம் வராது. என் பெயரையே யாரிடமும் முழுதாகச் சொல்ல மாட்டேன், ராஜ் என்றுதான் சொல்வேன். ஹோட்டலில் தனியாக உட்கார்ந்தால் தோசைதான். நீ கூட வந்தால்தான் எனக்குப் பரோட்டா, ஏனென்றால் நீ சொல்லுவாய். இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. அதை எடுத்து பீட்டில் வைத்துத் தட்டினாய். ப, ப, ப, ப, பரோட்டா. பீட்டுக்குள் போய்விட்டால் எனக்கு எந்த எழுத்தும் திக்காது. அதனால் மேடைக்கு முன்னால் நின்ற ஒருவருக்கும் நான் திக்குவாயன் என்று தெரியாது. அந்த ஒரு இடம்தான் எனக்கு இருந்தது.

அந்த வீடியோ இங்கேயும் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கடையில் ஒருவர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே கேட்கிறார், "ஏனுங் தம்பி, நீங்கதானுங்களா அந்தப் பரோட்டா? எங்க, ஒருக்கா சொல்லுங்க பாக்கலாம்."

ஃபைனலுக்கு நான் வர மாட்டேன்.

பெத்துராஜ்


சங்கரன்கோவில்
04.07.2025

மதிப்பிற்குரிய பெத்துராஜ் அவர்களுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நானும் மரியாதையாகவே தொடங்குகிறேன்.

தாளில் நான் குறுக்கே வர முடியாது என்று சந்தோஷப்பட்டாய். நல்லது. இப்போது என் முறை, நீ வாசி. இத்தனை வருஷம் உனக்காகப் பேசியது யார்? பேங்கில் பெயர் கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாய். கண்டக்டர் எந்த ஊர் என்றால் என்னைப் பார்ப்பாய். உனக்கு லீவு வேண்டும் என்றால் செட்டு முதலாளி அண்ணாச்சியிடம் நான் போய் நிற்பேன். "அவனுக்கு லீவுன்னா அவன்லா வரணும்? நீ என்ன அவன் வக்கீலா?" என்று என் மேல்தான் விழுந்தார். இரண்டு பேர் பேச வேண்டியதை நான் ஒருத்தியே பேசினேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர் வந்ததில் பாதி உன்னால் வந்தது. நான் ஒருநாள் சலித்துக்கொண்டிருப்பேனா, சொல்.

அந்த நிமிஷத்தில் என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொள். முதலில் உன் தலைமுடியை ஓட்டினேன், பிறகு உன் ஓட்டை சைக்கிளை. ஜனம் அசையவே இல்லை. எனக்கு அடுத்த வரி வரவில்லை. அந்த இடம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். பீட் ஓடிக்கொண்டே இருக்கும், நம் கையில் ஒரு வார்த்தை இருக்காது. அந்த நேரத்தில் எது வாயில் வருகிறதோ அதுதான். நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யோசித்துவிட்டுப் பாடினால் அது ஃப்ரீஸ்டைலே இல்லை என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி நடத்துகிறவர்களிடம் கேட்டேன். அதனால்தான் பார்க்கிற ஆள் கூடுகிறது, ஃபைனல் வரை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று. எனக்கு ஆவணியில் கல்யாணம். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கிற வீடு. மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தபோது என் தாடையைப் பிடித்துக்கொண்டு, "மேடை கீடையெல்லாம் இதுவரைக்கும் ஆடுனதோட இருக்கட்டும் மக்கா, இனி நமக்கு அது வேண்டாம்" என்றார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டார். ஆகஸ்ட் பத்துதான் எனக்குக் கடைசி மேடை. இதைச் சொல்லி உன்னை இழுக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பாய். ஆமாம், இழுக்கத்தான் பார்க்கிறேன்.

கோகிலா


பல்லடம்
15.07.2025

கோகிலா,

கல்யாணச் செய்தி சந்தோஷம். நீ எழுதியதில் பாதி நியாயம். எனக்காகப் பேசினாய், நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனாலும் நீதான் அதை முடித்திருப்பாய். இப்போது எழுதுகிறேன், நன்றி.

வர மாட்டேன் என்று நான் சொன்னது கோபத்தால் மட்டும் இல்லை. போன கடிதத்தில் ஒன்றை மறைத்துவிட்டேன். எனக்கு இப்போது ராப் வரவில்லை.

தறிச் சத்தத்துக்குள் நின்றால் நம் குரல் நமக்கே கேட்காது. அதற்குள் நின்றுதான் நான் பாடப் பழகினேன், உனக்குத் தெரியும். இங்கே வேலைக்குச் சேர்ந்த அன்றே அதே மாதிரி பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. புது இடம், அதனால்தான் என்று நினைத்தேன். மறுநாளும் நின்றது. காதில் பீட்டை மாட்டிக்கொண்டு பார்த்தேன், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தினமும் பார்க்கிறேன்.

வெறுமனே நின்றால்கூடப் பரவாயில்லை. நான் எப்படித் திக்குவேன் என்று நினைத்துப் பார். தொண்டை அடைக்கும், உதடு ஒட்டிக்கொள்ளும், சத்தமே வராது. ப, ப என்று நான் ஒருநாளும் திக்கியதில்லை. ஜனத்துக்குப் புரிய வேண்டும் என்று நீதான் அதைச் சத்தமாக, தாளத்தோடு செய்தாய். இப்போது எனக்கு அப்படித்தான் வருகிறது. நீ செய்த அதே வேகம், அதே எண்ணிக்கை. டீக்கடையில் பெயர் கேட்டாலும் அப்படித்தான். என்னுடைய திக்கல் போய்விட்டது கோகிலா, உன்னுடையது வந்துவிட்டது. வாயைத் திறக்கும்போதெல்லாம் நீ என்னைச் செய்து காட்டுகிற குரல் கேட்கிறது.

இதை யாரிடம் சொல்ல? தறி ஓடும்போது அழுதேன். அது ஒரு வசதி, யாருக்கும் கேட்காது.

பெத்து


சங்கரன்கோவில்
21.07.2025

பெத்து,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை. பூ மார்க்கெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். தெரிந்தவர்கள் எல்லாம் கல்யாணப் பெண்ணே என்று கூப்பிட்டார்கள், நடந்துகொண்டே இருந்தேன். நான் செய்தது தப்பு. விளையாட்டு என்று முதல் கடிதத்தில் எழுதியதை நினைத்தால் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

ஷேக் ஃபரீதிடம் சொன்னேன். அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பிறகு, "ஏட்டி, அவன் வச்சிருந்தது அது ஒண்ணுதானே, அதையுமா எடுத்துட்டு வந்தே?" என்றான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நேற்று ஒரு யோசனை வந்தது. திக்கினால்தான் என்ன? அதையே நம் ஸ்டைலாக வைத்துக்கொண்டால்? நீ நிற்கிற இடத்தில் ஃபரீத் பீட்டையும் நிறுத்துவான், நீ திக்குகிற மாதிரி பீட்டும் திக்கும். ஜனத்துக்கு உன்னைப் பிடித்திருக்கிறது பெத்து, சத்தியமாக. உன் பெயரில் இன்ஸ்டாவில் பக்கம் எல்லாம் தொடங்கியிருக்கிறார்கள். கேலிக்காக இல்லை, ஆசையாகத்தான். அதை நாம் கையில் எடுத்துக்கொண்டால் ஒருவனும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது. மண்டபமே அதிரும்.

எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். மறுபடியும் நான் அதையேதான் செய்கிறேனோ? எனக்குத் தெரியவில்லை. கிழித்துப் போடவும் மனம் இல்லை, வேறு யோசனையும் இல்லை. அப்படியே அனுப்புகிறேன். நீயே சொல்.

கோகிலா


பல்லடம்
30.07.2025

கோகிலா,

வருகிறேன். சனிக்கிழமை ஷிப்டு முடித்துக் கிளம்புவேன்.

நம்பிக்கை வந்து வரவில்லை. நாளைக்கு நீ எலுமிச்சை மண்டியில் உட்கார்ந்துகொண்டு, பெத்து வராததால் கடைசி மேடை போயிற்று என்று நினைக்கக் கூடாது. அதற்காகத்தான் வருகிறேன். ஸ்டைல் வேண்டாம். அந்த யோசனையை இன்னொரு தடவை எனக்கு எழுதாதே, ஃபரீதையும் பீட்டோடு விளையாட வேண்டாம் என்று சொல். நான் பழைய மாதிரி பாடப் பார்க்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் நடுவில் நின்றுவிட்டால் நீ முடித்துக் கொடுக்காதே. என்ன ஆனாலும் சரி, ஜனம் என்ன கத்தினாலும் சரி. வருகிற வார்த்தை என் வாயிலிருந்தே வரட்டும். வராவிட்டால் வராமல் போகட்டும். சத்தியம் செய்.

ஃபைனலுக்காவது நல்ல செருப்பு வாங்கு.

பெத்து


சங்கரன்கோவில்
14.08.2025

பெத்து,

போட்டி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ராஜபாளையம் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறிப் பார்த்தேன், நீ இல்லை. நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் முதல் வரி நன்றாக வந்தது. இரண்டாவதும் வந்தது. வந்துவிட்டான், என் பெத்து வந்துவிட்டான் என்று நினைத்தேன். மூன்றாவது வரியில் நம் டீம் பெயர் வருகிற இடத்தில் நின்றாய். ப, ப என்று வந்தது. நீ எழுதியிருந்தபோது எனக்கு முழுதாகப் புரியவில்லை, காதால் கேட்டபோதுதான் புரிந்தது. அது நான்தான். உன் வாயிலிருந்து நான் வந்தேன்.

அப்போதுதான் ஜனம் ஆரம்பித்தது. ப, ப, ப, ப என்று எல்லோரும் கைதட்டிக்கொண்டு, தாளம் தவறாமல். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் உன்னைப் பார்த்து ஆசையாகச் சிரித்தார்கள். உனக்கு உதவி செய்வதாக நினைத்தார்கள். கேலி செய்திருந்தால் நான் கீழே குதித்து அடித்திருப்பேன். அன்பாகச் செய்கிறவர்களை என்ன செய்வது?

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பேங்கில் பார்த்த மாதிரி, பஸ்ஸில் பார்த்த மாதிரி. எனக்கு வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. மேடை ஏறும் முன் உனக்குச் சத்தியம் செய்திருந்தேன், அதனால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடித்துக் கொடுத்திருக்க வேண்டுமா பெத்து? அதைத்தான் கேட்டாயா? அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மாப்பிள்ளை போன் செய்தால்கூட அவர் சொல்வது காதில் ஏறவில்லை.

நீ மைக்கை ஸ்டாண்டில் ஒழுங்காக மாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாய். நடுவர் என்னைப் பார்த்து, "மிச்ச நேரத்த நீங்க எடுத்துக்கிடலாம்" என்றார். நான் உன் பின்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பீட் ஓடிக்கொண்டிருந்தது, வாயைத் திறந்தேன். ஜனத்தைத் திட்டினேன், என்னைத் திட்டினேன், மண்டி, தறி, கல்யாணம் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் திட்டினேன். ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரி வந்து நின்றது. அப்படி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. டீம் தோற்றுவிட்டது. தனி ஆளுக்கு உள்ள கேடயத்தை எனக்குக் கொடுத்தார்கள். அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

உன்னிடம் பொய் சொல்ல முடியாது. நீ இறங்கிப் போன பிறகு எனக்கு நன்றாக வந்தது. அந்தக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவும் இருந்தது. அதை நினைத்தால் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

ஆவணி கடைசி முகூர்த்தம், பத்திரிகை உள்ளே வைத்திருக்கிறேன். வர வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு வரி எழுது, போதும்.

கோகிலா


சோமனூர்
29.08.2025

கோகிலா,

நான் பல்லடத்தை விட்டு இங்கே வந்துவிட்டேன். உன் கடிதத்தைப் பழைய செட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ பஸ் ஸ்டாண்டில் தேடியபோது நான் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீ பாடியதை முழுக்கக் கேட்டேன். நான் கேட்டதிலேயே அதுதான் நன்றாக இருந்தது. மண்டியைப் பற்றிச் சொன்ன இடத்தில் மூச்சைச் சீக்கிரம் விட்டுவிட்டாய், கடைசி வார்த்தை அமுங்கிவிட்டது. மற்றதெல்லாம் சரி. சந்தோஷமாக இருந்தது என்று எழுதியதற்காக உன் மேல் கோபம் இல்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

முடித்துக் கொடுக்கச் சொல்லித்தான் பார்த்தேனா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம். நான் எழுதியது எனக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய், உன் மேல் தப்பு இல்லை.

இங்கே முதல் நாள் மேஸ்திரி பெயர் கேட்டார். நான் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, கை தானாகப் போய்விட்டது. "அடப் பாவமே, தம்பிக்குப் பேச வராதுங்களா" என்று தோளில் தட்டிவிட்டு ஆதார் அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நல்லவர்களாக இருக்கிறார்கள். என்னிடம் கை ஜாடையில் பேசுகிறார்கள், நானும் கை ஜாடையில் பேசுகிறேன். ஒருவரும் எதையும் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை. அம்மாவுக்கும் இப்போது மெசேஜ்தான்.

கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன், அம்மாவை அனுப்புகிறேன். நீ இனிமேல் எழுத வேண்டாம். நன்றாக இரு.

நேற்று தறியில் குறுக்கே ஓடுகிற நாடா தெறித்து விரலில் அடித்தது. நகம் பெயர்ந்துவிட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பக்கத்துத் தறிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

பெத்து